ஓடுவது அங்கே, தெரிவது இங்கே

ஜூன் 9, திங்கள்

ஆஸ்பத்திரிக் கவுன்சிலர் டைரி எழுதச் சொன்னார். யாரோ தெரியாதவர் படிக்கப்போவதுபோல் எல்லாவற்றையும் விளக்கி எழுதினால் மனம் கொஞ்சம் தெளியும் என்றார். சரி, எழுதுகிறேன்.

தூத்துக்குடிக்கு வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. இன்றுதான் வேலையைத் தொடங்க முடிந்தது. மதுரையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுத் திட்டம் போடுவது என் வேலை. நோயாளியின் ஸ்கேன் படத்தில் கட்டி எங்கே இருக்கிறது, அதைச் சுற்றிக் காப்பாற்ற வேண்டிய இடங்கள் எவை என்று கோடு வரைந்து, எந்தப் பக்கமிருந்து எவ்வளவு கதிர் போக வேண்டும் என்று கணக்கிட வேண்டும். அதற்கான மென்பொருள் ஆஸ்பத்திரி சர்வரில் மட்டுமே ஓடும். நோயாளிகளின் படங்கள் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வரக் கூடாது.

என் கணவர் துரைசிங்கைக் கவனித்துக்கொள்ள விடுப்புக் கேட்டபோது, விடுப்பு வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று வழி சொன்னவர் எங்கள் பிரிவின் தலைவர் இத்ரீஸ் சார்தான். மென்பொருள் அங்கேயே ஓடும். அதன் விண்டோ மட்டும் என் லேப்டாப்பில் வந்து நிற்கும். நான் இங்கே மவுஸை நகர்த்தினால் அங்கே கோடு விழும். போவதும் வருவதும் மறையாக்கம் செய்த இணைப்புக்குள்ளேயே நடப்பதால், வழியில் யாராவது பிடித்துப் பார்த்தாலும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் கிடைக்கும்.

காலை முழுக்க, திரையைத் திறக்க முடியவில்லை என்றே வந்துகொண்டிருந்தது. கடைசியில் இத்ரீஸ் சார் போனில் நான் தட்டிய கட்டளையை எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொன்னார். பெரிய எக்ஸ் போட வேண்டிய இடத்தில் சின்ன எக்ஸ். சின்னது போட்டால் விண்டோவே வர வேண்டாம் என்று அர்த்தமாம். திருத்தினேன், திறந்தது.

எனக்குக் கொடுத்திருக்கும் நோயாளிகள் மட்டும்தான் என் கண்ணில் படுவார்கள். துரைசிங்கின் கோப்பு அதில் இல்லை. அவருக்கும் அங்கேதான் மண்டையில் இடப்பக்கக் கட்டியை எடுத்து, போன மாதம் கதிர்வீச்சும் முடிந்தது. ஊழியர்கள் சொந்தக் குடும்பத்தின் கோப்பைத் திறக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான்.

ஜூன் 11, புதன்

சீலா மீன் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

இந்த வீட்டில் நெட் இழுக்கிறது. ஒரு கோட்டை வரைந்துவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் கோடு மெதுவாகத் திரையில் வந்து சேர்கிறது. அழுத்தியது விழவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தினால் இரண்டு தடவையும் விழுந்து எல்லாம் கெட்டுப்போகிறது.

துரைசிங் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டியவர். இருபது வருடம் அந்த உச்சிக் கண்ணாடிக் கேபினுக்குள் தனியாக உட்கார்ந்தவர். லீவரை நிறுத்தினாலும் கீழே பெட்டி ஆடி நிற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் அடுத்ததைச் செய்தால் மோதிவிடும் என்றார். அவர் சொன்னபடி ஒவ்வொரு கோட்டுக்கும் காத்திருந்து பார்த்தேன். எரிச்சல் குறைந்தது.

படத்தில் இருந்தது யாரென்று கேட்டார். சொல்லக் கூடாது என்றேன். சிரித்தார். அதன்பிறகு லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 26, வியாழன்

துரைசிங்கின் அக்கா ரத்னபாய் மதினி முறுக்கு கொண்டுவந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது இவர் கரண்டியைக் கேட்க நினைத்து, சாவியை எடு என்றார். மதினி என்னைப் பார்த்தார். வெயில், களைப்பு, அதான் அப்படி என்று சொன்னேன். ஆபரேஷன் முடிந்த புதிதிலும் இப்படி இருந்து பிறகு சரியாகிவிட்டது.

கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஜூலை 21 அன்று கம்பெனி டாக்டரும் மேலதிகாரியும் இவரைப் பார்ப்பார்கள். உடல் தகுதி சரியாக இருந்தால், கிரேன் இல்லாவிட்டாலும் கன்ட்ரோல் ரூமில் உட்காரவைப்பார்களாம். வாக்கி டாக்கியில் கேள்வி கேட்டால் தடங்காமல் பதில் சொல்ல வேண்டும். போனை வைத்ததும் சட்டையை எடுத்து அயர்ன் பண்ண ஆரம்பித்துவிட்டார். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தோம். டாக்டர் வனிதாமணி 24ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். எல்லா டாக்டர்களும் சேர்ந்து படத்தைப் பார்த்த பிறகுதான் பேசுவார்களாம். வழக்கம்தான். திரும்பி வரும் வழியில் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினார்.

ஜூலை 14, திங்கள்

காலையில் இணைத்ததும் திரை நிறைய எச்சரிக்கை. சர்வரின் அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் உட்கார்ந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று. அந்த எச்சரிக்கை வந்தால் மேலே போகக் கூடாது. இத்ரீஸ் சாரைக் கூப்பிட்டேன். பழைய சர்வர் பழுதாகி, ஞாயிற்றுக்கிழமை புதியதைப் போட்டிருக்கிறார்களாம். முன்னாலேயே சொல்ல மறந்துவிட்டதற்கு வருத்தப்பட்டார். அவர் அந்தப் பக்கம் புதிய அடையாளத்தை வாசிக்க, நான் இந்தப் பக்கம் சரிபார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஏற்றுக்கொண்டேன்.

புதிய சர்வரில் அனுமதிகளை இன்னும் ஒழுங்குபடுத்தவில்லை போலிருக்கிறது. எல்லா நோயாளிகளின் பெயர்களும் வந்தன. எஸ். துரைசிங், 8ஆம் தேதி ஸ்கேன்.

இதை இத்ரீஸ் சாரிடம் சொல்ல வேண்டும்.

வேலையை முடித்து இணைப்பைத் துண்டித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைத்தேன். அலமாரிகளைத் துடைத்தேன். மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு அங்கேயே நின்றேன். மதியம் சோறு வைக்க மறந்துபோனேன், ஹோட்டலில் வாங்கினோம்.

ஜூலை 16, புதன்

21ஆம் தேதிக்காக இவருக்குப் பயிற்சி. நான் வாக்கி டாக்கியில் பேசுவதுபோல் கேட்பேன், இவர் பதில் சொல்வார். கொக்கி, ட்ராலி, பிரேக் எல்லாம் வந்தன. கன்டெய்னரைக் கவ்வும் சட்டத்துக்கு ஸ்ப்ரெடர் என்று பெயர், அது வரவில்லை. கையால் கவ்விக் காட்டினார். பிறகு, அந்த, அந்த, என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நெற்றியில் வியர்த்தது. இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை கேட்டேன். சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 17, வியாழன்

திங்கட்கிழமையே பார்த்துவிட்டேன். வேலையை முடித்த பிறகு இல்லை, முதல் வேலையே அதுதான்.

பழைய இடத்தின் ஓரம் வெள்ளையாகத் தடித்திருந்தது. கதிர்வீச்சுக்குப் பின் வரும் வீக்கமும் இப்படித் தெரியும். எத்தனையோ பேருடைய படத்தில் பார்த்திருக்கிறேன், இதை வைத்துப் பயப்பட வேண்டாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனேன். வலப்பக்கத்தில் இன்னொன்று இருந்தது. கதிர் போகாத இடத்தில் கதிர்வீச்சு வீக்கம் வராது.

அது தெரிந்தும் நேற்றும் இன்றும் இவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஸ்ப்ரெடர், ஸ்ப்ரெடர் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 19, சனி

இன்று சொல்லிவிட்டேன்.

காலையில் குளித்து, அயர்ன் பண்ணிய சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை போக வேண்டாம் என்றேன். ஏன் என்றார். வாய் வரைக்கும் வந்தது, சொல்ல முடியவில்லை. லேப்டாப்பைத் திறந்து இணைத்தேன். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

மழைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. நெட் விட்டு விட்டு வந்தது. படம் மேலேயிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் மண்டை ஓடு, அப்புறம் உள்ளே. மூலையில் இருந்த தன் பெயரைச் சத்தமாக வாசித்தார்.

"எது கெட்டது?" என்றார்.

காட்டினேன். தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே விரலை வலப்பக்கம் கொண்டுபோனார்.

"இது?"

"அது புதுசு."

"நீ எப்ப பாத்த?"

"திங்கக்கிழம."

"திங்கக்கிழமையே தெரியும்," என்றார். பிறகு வார்த்தையைத் தேடினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. "தெரிஞ்சுக்கிட்டா என்னப் போட்டுப் படிக்க வச்ச?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நீங்க சட்டைய அயர்ன் பண்ணிட்டிருந்தீங்க," என்றேன். அதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. உண்மையும் அதுதான்.

வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மூடப்போனபோது கையைப் பிடித்தார். இருக்கட்டும் என்று அர்த்தம். பார்த்து முடித்ததும் அவரே எழுந்து மாடிக்குப் போனார். மதியம் வரைக்கும் இறங்கவில்லை. போய்க் கூப்பிடவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனோம். பாட்டு எல்லாவற்றையும் தடங்காமல் பாடினார். பேச்சு போனாலும் பாட்டு போகாது, மூளையில் அது வேறு வழியில் வருகிறது என்று படித்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற மதினிக்கு அது தெரியாது. தம்பிக்குக் குணமாகிவிட்டது என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து நின்றேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் இவர் என்னிடம் சொன்னார், "நாளைக்குப் போவேன். வேலைக்கு இல்ல. பேச்சு இருக்கும்போதே சொல்லிட்டு வந்துருதேன்."

ஜூலை 21, திங்கள்

துறைமுகத்துக்குப் போனோம். மேலதிகாரியும் கம்பெனி டாக்டரும் மேசையில் காகிதங்களுடன் காத்திருந்தார்கள். இவர் உட்காரவில்லை. நோய் திரும்பிவிட்டது, இனிமேல் வர மாட்டேன் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

பிறகு எல்லோரையும் தேடித் தேடிப் போனார். கேன்டீன், பணிமனை, ஷெட், ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் முன்னால் நின்று, பெயர் வரும்வரை காத்திருந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பேசினார். முத்தையா, லூர்து, சிக்கந்தர். சிலர் பெயர் வர வெகுநேரம் ஆனது. அவர்களும் அவசரப்படாமல் நின்றார்கள். சிக்கந்தர் அண்ணன் மட்டும் தாங்க முடியாமல், நான் சிக்கந்தர்டா என்று சொல்லிவிட்டார். இவர் தலையை அசைத்து, இரு, நான் சொல்லுதேன் என்பதுபோல் கையைக் காட்டி, அப்புறம் அவரே சொன்னார்.

கிரேன் மேல் ஏறவில்லை. கீழே நின்று ஒரு பெட்டி கப்பலில் இறங்கும்வரை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் தூங்காதவர்போல் தூங்கினார்.

ஜூலை 24, வியாழன்

டாக்டர் வனிதாமணி சொன்னதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாததுபோல் கேட்டுக்கொண்டோம். மறுபடி கதிர்வீச்சுக் கொடுக்கலாம், கொஞ்ச வாரங்கள் கிடைக்கலாம், ஆனால் அதில் பாதி ஆஸ்பத்திரியிலேயே போய்விடும் என்றார். துரைசிங் வேண்டாம் என்றார். அந்த வார்த்தை மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செய்ததை மறைத்துக்கொண்டு தினமும் அதே சர்வரில் வேலை செய்ய முடியவில்லை. போன வாரம் இத்ரீஸ் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் "தெரியும் ஹெப்சி," என்றார். அந்தச் சனிக்கிழமை காலை அவர் அனுமதிகளைச் சரிசெய்ய உட்கார்ந்திருக்கிறார். மென்பொருள் அங்கேதானே ஓடுகிறது, யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். என் பெயரில் துரைசிங்கின் படம் திறந்திருந்தது.

"நான் அங்கேருந்து நிறுத்தியிருந்தா உன் திரைல சட்டுனு மறைஞ்சிருக்கும். நீ மட்டும் பாக்கலைன்னு தோணுச்சு. அவரும் கூட இருக்காரோன்னு நினைச்சேன். நீங்களா மூடுற வரைக்கும் உக்காந்திருந்துட்டு அப்புறம் செஞ்சேன்."

தவறு தன் மேல்தான், அனுமதியைச் சரிபார்க்காமல் சர்வரை விட்டது தான்தான் என்று கமிட்டியில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று நானே எழுதி அனுப்பினேன். இன்று எச்சரிக்கை கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான்.

அன்று போனை வைத்த பிறகு யோசித்தேன். நாங்கள் இருவர் மட்டும் இருப்பதாக நினைத்த அந்த அறையில், மதுரையிலிருந்து ஒரு மனிதர் எங்களுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. வேலையைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு இவருடன் இருக்கப்போகிறேன் என்று சொல்லி நாளை முதல் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இவருக்கு வலது கை விழுந்துவிட்டது. நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறார், மதினி ஊட்டினால் சாப்பிடுகிறார். மதினி சங்கடப்பட்டுக்கொண்டு, "அவன் சின்னப் பிள்ளைல நான்தான ஊட்டுவேன், அந்த ஞாபகமா இருக்கும்," என்றார். இருக்கட்டும், யார் ஊட்டினால் என்ன. நான் அடுப்படியில் சோற்றை இன்னும் குழைய மசித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

இப்போது இருக்கும் சொல் ஒன்றுதான். அக்கா. தண்ணீருக்கும் அக்கா, வலிக்கும் அக்கா. இன்று மதினி வீட்டில் இல்லாதபோது என் முகத்தைப் பார்த்து அக்கா என்றார். நான் ஹெப்சி என்று சொல்லவில்லை. "என்னய்யா?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் போய்விட்டார். மதினியும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

செப்டம்பர் 24, புதன்

எல்லோரும் போய்விட்டார்கள். மதினி மட்டும் இருக்கிறார். எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

விடுப்பு முடிந்தது. காலையில் இணைத்தேன். நெட் இன்று நன்றாக இருந்தது.

எனக்காக ஒதுக்கியிருந்ததில் முதலாவது ஒரு தமிழாசிரியை. நாற்பத்தொரு வயது. கட்டி இடப்பக்கம், பேச்சுக்கான இடத்தை ஒட்டி. இத்ரீஸ் சார் உடனே போன் செய்தார். கவனிக்காமல் என் பேரில் போட்டுவிட்டார்கள், வேறு யாருக்காவது மாற்றிவிடுகிறேன் என்றார். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன்.

பேச்சுக்கான இடத்தைச் சுற்றித் தனியாகக் கோடு வரைந்தேன். அங்கே கதிர் எவ்வளவு குறைவாகப் போக முடியுமோ அவ்வளவு குறைவாகப் போக வேண்டும், அதேசமயம் கட்டிக்குப் போவது குறையக் கூடாது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது விட்டுப்போனது. திசைகளை மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டேன். மதினி வந்து காப்பி வைத்துவிட்டுப் போனது தெரியும், குடித்தேனா என்று தெரியாது. மூன்று மணிக்கு மேல் ஒன்று சரியாக வந்தது. முழுக்கக் காப்பாற்றவில்லை. காப்பாற்ற முடிந்த அளவுக்குக் காப்பாற்றியது. டாக்டருக்கு அனுப்பிவிட்டு இத்ரீஸ் சாரைக் கூப்பிட்டேன்.

திட்டத்தைப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்த ஆசிரியையின் கணவர் அங்கே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. என் மனைவி மறுபடி பாடம் நடத்துவாளா என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். தன்னிடமும் கேட்டதாகவும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னார்.

பார்க்கலாம் என்பது நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். நானும் இத்தனை வருடம் அதைத்தான் சொல்லியிருப்பேன், யாராவது என்னைக் கேட்டிருந்தால். திட்டம் போடுகிறவர்களை யாரும் கேட்பதில்லை. படத்தை மட்டும் பார்ப்பவர்கள் நாங்கள்.

"அப்படிச் சொல்லாதீங்க சார்," என்றேன். "டாக்டர் என்ன சொன்னாங்களோ அதையே மெதுவா இன்னொரு தடவை சொல்லணும். இப்ப அந்தம்மா நல்லாப் பேசுதாங்கல்ல, பேச வேண்டியத இப்பவே பேசிக்கிடச் சொல்லணும். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளப் பாக்கணும்னா இந்த வாரமே போய்ட்டு வரட்டும்."

அந்தப் பக்கம் வராந்தாவில் யாரோ இருமுவதும், தள்ளுவண்டி போகும் சத்தமும் கேட்டன.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, போனை அவர்கிட்டயே குடுக்கட்டுமா? நீயே பேசுறியா?"

இதுவரை எந்த நோயாளியின் வீட்டாரிடமும் நான் பேசியதில்லை. பேசுகிறேன் என்றேன்.

காத்திருந்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இத்ரீஸ் சார் யாரிடமோ ஏதோ சொன்னார். பிறகு ஓர் ஆண் குரல், மிகவும் மரியாதையாக, வணக்கம்மா என்றது.

முதலில் அவர் பெயரைக் கேட்டேன்.